நாலு வாக்காளர் அட்டை, மூன்று விரல்: வெளிநாட்டில் இருந்து வாக்களிப்பது என்றால் என்ன?

2024 நவம்பர். இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கம் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்கள். தபால்காரர் பொலித்தீன் பைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்த வாக்காளர் அட்டைகளை மாமி எண்ணிப் பார்த்தார். நாலு. வீட்டில் இருப்பது மூன்று பேர். நாலாவது அட்டை கட்டாரில் வேலை செய்யும் மகனுடையது.

"தம்பி, இவன்ரை அட்டையையும் நானே கொண்டுபோய்ப் போட்டால் என்ன? நாங்கள் எல்லாரும் ஒரே சின்னத்துக்குத்தானே போடப்போறம்."

அது ஆள்மாறாட்டம், பிடிபட்டால் வழக்கு என்று சொன்னேன். மாமி நம்பாத முகத்தோடு அந்த அட்டையைச் சுவர் மணிக்கூட்டுக்குப் பின்னால் செருகி வைத்தார். தேர்தல் அன்று இரவு வீடியோ அழைப்பில் மை பூசிய மூன்று விரல்களையும் மகனுக்குக் காட்டினார்கள். அவன் சிரித்துவிட்டு, "எங்களுக்கு எப்ப வோட்டு உரிமை தருவாங்கள்?" என்று கேட்டான். அதே அழைப்பில் லண்டனில் இருந்து இணைந்திருந்த சித்தப்பாவும், "எங்களுக்கும்தான் வோட்டு உரிமை இல்லை" என்றார். சித்தப்பா பிரித்தானியக் குடியுரிமை எடுத்துப் பதினைந்து வருடம் ஆகிறது.

இரண்டு பேரும் சொன்னது ஒரே சொல். ஆனால் இரண்டு பேரின் நிலையும் வேறு. மகனிடம் உரிமை இருக்கிறது, அதைப் பயன்படுத்த வழி இல்லை. சித்தப்பாவிடம் இலங்கையில் வாக்களிக்கும் உரிமையே இல்லை. வெளிநாட்டு வாக்களிப்புப் பற்றி நாம் பேசும்போது வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால் வருகிறது. சாக்கை அவிழ்த்துப் பார்ப்போம்.

மூன்று படலை

ஒரு வாக்கு பெட்டிக்குள் விழ மூன்று படலைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது குடியுரிமை: நீங்கள் இந்த நாட்டின் ஆளா? இரண்டாவது வாக்காளர் இடாப்பு: உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா? மூன்றாவது வாக்குப்பெட்டி: அது இருக்கும் இடத்துக்கு உங்களால் போக முடியுமா, அல்லது அது உங்களிடம் வருமா?

முதல் படலையிலேயே நிற்பவர்கள் பலர். இலங்கைச் சட்டப்படி ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். அதை வைத்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அதைத்தான் இரட்டைக் குடியுரிமை என்கிறோம். சித்தப்பா விண்ணப்பிக்கவில்லை. ஆகவே வாக்குப் பற்றிய கேள்வி அவர் விடயத்தில் எழவே எழாது. கனடாவில், பிரான்சில், சுவிசில் அந்தந்த நாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த நிலைதான். அவர்களுடைய பிள்ளைகளும் அப்படியே. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் வழியில் குடியுரிமை வர, பிறப்பை இலங்கை அரசிடம் பதிந்திருக்க வேண்டும்.

இரட்டைக் குடியுரிமை பெற்றவர் இடாப்பில் பெயர் இருந்தால் வாக்களிக்கலாம், ஆனால் பாராளுமன்ற உறுப்பினராக முடியாது. அந்தத் தடை 2015இல் 19ஆவது திருத்தத்தோடு வந்தது, 2020இல் 20ஆவது திருத்தத்தோடு போனது, 2022இல் 21ஆவது திருத்தத்தோடு திரும்ப வந்தது. வாக்களிப்பதும் வேட்பாளராக நிற்பதும் வேறு வேறு என்பதைத் தேநீர்க் கடைப் பேச்சில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வெளிநாடு போய் நிரந்தர வதிவிட உரிமை மட்டும் வைத்திருப்பவர், அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர், வளைகுடாவில் ஒப்பந்த வேலை செய்பவர், தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது வருடமாக இருக்கும் மன்னார்க்காரர் ஆகியோர் இன்னும் இலங்கைக் குடிமக்கள்தான். வெளிநாட்டு வாக்களிப்பு என்ற பேச்சு உண்மையில் இவர்களைப் பற்றியது.

இடாப்பு: விதானையார் எழுதும் பெயர்

கிராம அலுவலர் என்பது அரசாங்கப் பெயர். எங்கள் பக்கத்துக் கிழவர்களுக்கு அவர் இன்னும் விதானையார்தான். வருடா வருடம் வாக்காளர் இடாப்பைத் திருத்தும் வேலை கீழ்மட்டத்தில் அவர் தலையில்தான் விழுகிறது. யார் புதிதாக வந்தார், யார் இறந்தார், யார் பெயர்ந்து போனார் என்று பார்த்துப் பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரை யார் வாக்காளராக முடியாது என்று சொல்கிறது. குடிமகன் அல்லாதவர், 18 வயது நிரம்பாதவர், சில தண்டனைகள் பெற்றவர் என்று அந்தப் பட்டியல் போகிறது. வெளிநாட்டில் இருப்பவர் என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க வாக்காளர் பதிவுச் சட்டம், ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்தில் அவர் பெயரைப் பதிய வேண்டும் என்கிறது. வழக்கமாக வசிக்கும் இடம் என்றால் எது? இரண்டு வருட ஒப்பந்தத்தில் தோஹாவுக்குப் போனவனின் வீடு ஒட்டுசுட்டானா, தோஹாவா? தாய் தகப்பன் இங்கே, காணி இங்கே, திரும்பி வருவதும் இங்கேதான். ஆகவே வீட்டுப் பட்டியலில் பெயர் அப்படியே இருந்துவிடுகிறது. குடும்பத்தோடு போய்விட்டவரின் பெயரோ இரண்டொரு வருடத்தில் விழுந்துவிடும். இடையில் நிற்பவர்கள் விடயம் விதானையாரின் அறிவுக்கும் அயலவரின் சாட்சிக்கும் விடப்பட்டதுதான்.

வசிக்கும் இடமும் பெயர் இருக்கும் இடமும் வேறாக இருப்பது வன்னிக்குப் புதிதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்க்காரர் பலர் புத்தளத்தில் இருந்துகொண்டே மன்னார் இடாப்பில் பெயர் வைத்திருந்தார்கள். போரால் இடம்பெயர்ந்தவர்கள் சொந்த ஊரிலேயே பெயர் பதிவதற்கென்று 2013இல் தனியாக ஒரு விசேட ஏற்பாடுகள் சட்டமும் வந்தது. ஊரில் இல்லாதவர் ஊரின் வாக்காளராக இருக்கலாம் என்பதைச் சட்டம் ஏற்கெனவே ஒருமுறை ஒத்துக்கொண்டாயிற்று.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாதவர் முதல் படலையில் நிற்கிறார். நீண்ட காலம் போய்விட்டவர் பெரும்பாலும் இரண்டாவதில் நிற்கிறார். மாமியின் மகன் இரண்டையும் தாண்டிவிட்டான். அவன் அட்டை மணிக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவன் நிற்பது மூன்றாவது படலையில்.

பெட்டியிடம் ஆள் போவதும் ஆளிடம் பெட்டி வருவதும்

இலங்கையில் பொது விதி எளிது. உங்கள் பெயர் எந்த வாக்களிப்பு நிலையத்தில் இருக்கிறதோ அங்கே நீங்களே நேரில் போக வேண்டும். போக முடியாவிட்டால் வாக்கு இல்லை.

இதன் வலி வன்னிக்குத் தெரியும். 2001 டிசம்பர் 5ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில், அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளின் வாக்காளர்களுக்கு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் பெட்டிகள் வைக்கப்பட்டன. அன்று சோதனைச்சாவடிகளை இராணுவம் மூடிவிட்டது. பெயர் இருந்தது, பெட்டி இருந்தது, நடுவில் பாதை இல்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று பின்னர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெட்டியை வைத்தால் மட்டும் போதாது, அதை அடையும் வழியையும் அடைக்கக் கூடாது என்பது அந்த வழக்கில் இருந்து நான் எடுத்துக்கொள்வது.

இதற்கு நேரெதிர் கதையும் வன்னியிலேயே இருக்கிறது. மேலே சொன்ன மன்னார் வாக்காளர்களுக்காகப் புத்தளத்தில் பல தேர்தல்களில் தனி வாக்களிப்பு நிலையங்கள் வைத்தார்கள். பெட்டி ஆளைத் தேடிப் போனது. பிறகு மன்னாருக்கு வந்தே போட வேண்டிய நிலை வந்தது. 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் அன்று அதிகாலை, புத்தளத்தில் இருந்து மன்னார் நோக்கி வாக்காளர்களை ஏற்றிவந்த பேருந்துகள் தந்திரிமலைப் பக்கம் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடும் நடந்தது.

அப்படியென்றால் தபால் வாக்கு என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன? பெயரைக் கேட்டதும், கடிதம் மாதிரி எங்கிருந்தும் அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஆசிரியர், பொலிஸ், படையினர், தபால், ரயில்வே ஊழியர் என்று தேர்தல் அன்று கடமையில் இருக்கும் அரச ஊழியர்களுக்கான ஏற்பாடு. அவர்களும் வீட்டில் இருந்து புள்ளடி போட்டு அனுப்புவதில்லை. குறித்த நாளில் தங்கள் அலுவலகத்தில், அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் முன்னிலையில், மறைவாகப் புள்ளடி போட்டு, உறையில் இட்டு ஒட்டிக் கொடுக்கிறார்கள். அப்புறம்தான் அது தபாலில் போகிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படி வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தார்கள். கட்டாரில் வேலை செய்பவர் இந்த வரிசையில் வரமாட்டார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். "நான் 2010இலேயே கனடாவில் போட்டனானே" என்பவர்கள் உண்டு. 2009, 2010 காலத்தில் புலம்பெயர் நாடுகளில் தமிழ் அமைப்புகள் நடத்திய வாக்கெடுப்புகள் அவை. சமூகம் தனக்குள் நடத்திய கருத்தறிதல் என்ற அளவில் அவற்றுக்கு ஒரு பொருள் உண்டு. இலங்கையின் தேர்தலோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை.

வற்றாப்பளை அர்ச்சனை

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று பார்க்க, வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போய்வருவோம்.

கோவிலில் இரண்டு விடயம் இருக்கிறது. ஒன்று அர்ச்சனைச் சீட்டு. அதில் பெயரும் நட்சத்திரமும் வேண்டும், இல்லாவிட்டால் ஐயர் யாருக்காக மந்திரம் சொல்வது? இன்னொன்று உண்டியல். அதில் யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியக் கூடாது. வாக்களிப்பு இந்த இரண்டும் சேர்ந்தது. வரும்போது அர்ச்சனைச் சீட்டு மாதிரிப் பெயர் சொல்லி வர வேண்டும், போடும்போது உண்டியல் மாதிரிப் பெயர் இல்லாமல் போட வேண்டும். முதலாவதில் பிழைத்தால் கள்ள வோட்டு வரும். இரண்டாவதில் பிழைத்தால் மிரட்டலும் விலைபேசலும் வரும். வாக்களிப்பு நிலையத்தில் இது ஒரே அறைக்குள் நடந்துவிடுகிறது: ஒரு மேசையில் பெயர் வாசிப்பார்கள், பத்தடி தள்ளி ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நீங்கள் மட்டும். ஏழு கடல் தாண்டி இருக்கும் ஆளுக்கு இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துக் கொடுப்பது என்பதுதான் முழுப் பிரச்சினையும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்காக அர்ச்சனை செய்ய என்னென்ன வழி உண்டு? அந்த நாட்டிலேயே உள்ள கோவிலுக்குப் போகலாம். இது தூதரக வாக்களிப்பு: தூதரகத்தையே அந்த நாளுக்கு வாக்களிப்பு நிலையமாக்குவது. கட்டாரிலும் சவூதியிலும் நம் ஆட்களோடு ஒரே விடுதியில் தூங்கும் பிலிப்பைன்ஸ்காரருக்கு 2004இலேயே இந்த வசதி வந்துவிட்டது. மாலைதீவு தன் மக்களுக்காகக் கொழும்பிலேயே பெட்டி வைக்கிறது. வெளிநாட்டு வாக்களிப்பு இலங்கை மண்ணில் நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிவிடுங்கள். நடக்கிறது, இன்னொரு நாட்டுக்காரருக்கு.

அடுத்தது காணிக்கையைத் தபாலில் அனுப்புவது. கனடா வெளிநாட்டில் இருக்கும் தன் குடிமக்களுக்கு இப்படிச் செய்கிறது. வாக்குச் சீட்டைப் பெயர் இல்லாத உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அதைக் கையொப்பம் இட்ட வெளி உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டும். வெளி உறை அர்ச்சனைச் சீட்டு, உள் உறை உண்டியல். பெயரைச் சரிபார்த்த பிறகு வெளி உறையைக் கழற்றிவிட்டு உள் உறைகளைக் கலந்துவிடுகிறார்கள். அதன்பிறகு எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கு இரட்டை உறை முறை என்று பெயர். கனடாவின் முறையில் எனக்குப் பிடித்த ஒரு கெட்டித்தனம் இருக்கிறது: அனுப்பும் சீட்டில் வேட்பாளர் பெயர் அச்சிட்டிருக்காது, வாக்காளரே எழுத வேண்டும். வேட்பாளர் பட்டியல் முடிவாகும்வரை அச்சுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, மாமி கேட்டது. மகனின் பெயர் நட்சத்திரம் சொல்லித் தாய் அர்ச்சனை செய்வது. பிரித்தானியாவில் இது சட்டபூர்வமானது, முன்கூட்டியே பதிந்து, குறித்த ஒருவரைத் தனக்காக வாக்களிக்க நியமிக்கலாம். பதிலாள் வாக்கு என்று சொல்லலாம். மாமி அந்த ஊரில் இருந்திருந்தால் அவர் கேள்வி குற்றமாகியிராது, ஒரு படிவம் நிரப்பும் வேலையாக இருந்திருக்கும். ஆனால் வன்னியில் இதைக் கொண்டுவருவதை நான் விரும்பமாட்டேன். ஒரு வீட்டில் ஆறு பேர் வெளியே இருந்தால் வீட்டுத் தலைவர் ஏழு வாக்குப் போடுவார். மகளும் மருமகளும் என்ன நினைத்தார்கள் என்பது யாருக்கும் தெரியவராது.

இந்தியா ஒரு விசித்திரமான நடுவழியில் நிற்கிறது. 2010 சட்டத் திருத்தத்தால் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் கடவுச்சீட்டில் உள்ள முகவரியில் பெயர் பதியலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வரவேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் இப்படிப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர், அதிலும் மிகப் பெரும்பாலோர் கேரளத்துக்காரர். இரண்டாவது படலையைத் திறந்துவிட்டு மூன்றாவதைப் பூட்டி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது. மறுபக்கம், அயர்லாந்தும் டென்மார்க்கும் வெளிநாட்டில் குடியேறிவிட்ட தம் குடிமக்களில் பெரும்பாலோருக்கு வாக்கே கொடுப்பதில்லை. ஆகவே பணக்கார நாடுகள் எல்லாம் கொடுத்துவிட்டன, நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று சொல்வதும் சரியில்லை.

வங்கிக்குக் காசு போகிறது, வாக்கு ஏன் போகாது?

இந்தக் கேள்வியைக் கேட்காத இளைஞர் இல்லை. கைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினால் மல்லாவியில் இருக்கும் அம்மாவின் கணக்குக்குக் காசு வருகிறது. வாக்கை அப்படி அனுப்ப முடியாதா?

காசு அனுப்பியதில் பிழை நடந்தால் உங்களுக்குத் தெரியும். வங்கிக்கும் தெரியும். யார், யாருக்கு, எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பதால்தான் பிழையைப் பிடிக்க முடிகிறது. வாக்கில் அப்படி எழுதி வைக்கவே கூடாது. நீங்கள் போட்ட வாக்கு போட்டபடியே எண்ணப்பட்டதா என்று பார்க்கவும் வேண்டும், அது யாருக்கு என்று யாருக்கும் தெரியவும் கூடாது. உண்டியலுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்கிற மாதிரி. அதுதான் இணைய வாக்களிப்பின் சிக்கல்.

முடியாது என்றும் இல்லை. எஸ்தோனியா 2005 முதல் இதைச் செய்கிறது. யாராவது பக்கத்தில் நின்று மிரட்டிப் போடவைத்தால், அவர் போன பிறகு நீங்கள் திரும்பவும் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். பிரான்ஸ் வெளிநாட்டில் வாழும் தன் மக்களுக்கு 2012இல் இணைய வாக்களிப்பைக் கொடுத்தது, 2017இல் ஊடுருவல் பயத்தில் நிறுத்தியது, 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. நம்பிக்கை இருக்கும் இடத்தில்கூட இவ்வளவு தள்ளாட்டம். பெட்டியைக் கண்ணால் பார்த்தும் நம்பாத ஊர் நம்முடையது.

ஆக, வழிகள் நான்கு: தூதரகம், தபால், பதிலாள், இணையம். ஒவ்வொன்றும் பெயரை உறுதிப்படுத்துவதற்கும் வாக்கை மறைப்பதற்கும் இடையில் வேறு வேறு இடத்தில் சமரசம் செய்கிறது.

வாக்கு எந்த ஊரில் விழும்?

வழியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி.

முதலில் ஓர் உள்ளூர்க் குழப்பம். வன்னி என்று நாம் சொல்லும் நிலத்தில் கிளிநொச்சியும் அடங்கும். தேர்தல் கணக்கில் வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும். கிளிநொச்சியின் வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் விழுகிறது. மாங்குளத்தில் இருந்து வடக்கே கொஞ்ச நேரம் ஓடினால் வாக்குச் சீட்டே வேறு.

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களில் இருந்து வருகின்றன, 29 தேசியப் பட்டியல். அந்த 196இல் 36ஐ மாகாணத்துக்கு நாலு என்று முதலே ஒதுக்கிவிடுகிறார்கள். மீதி 160ஐ இடாப்பில் உள்ள பெயர்களின் எண்ணிக்கைப்படி பிரிக்கிறார்கள். 2024இல் நாடு முழுவதும் சுமார் 1 கோடியே 71 லட்சம் பெயர்கள். 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம் பெயருக்கு ஓர் ஆசனம். அதாவது இடாப்பில் இருந்து விழும் பெயர் ஒரு வாக்கை மட்டும் குறைப்பதில்லை, போதிய அளவு விழுந்தால் ஆசனத்தையே கொண்டுபோய்விடும். யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010 தேர்தலில் 9 ஆசனங்கள் இருந்தன. 2015இலும் 2020இலும் 7. 2024இல் 6. போரும் புலப்பெயர்வும் இடாப்பைத் திருத்தியதும் எல்லாம் சேர்ந்த சரிவு அது. வன்னி 2024இல் 6 ஆசனங்களோடு நின்றது, சுமார் 3 லட்சத்து 6 ஆயிரம் வாக்காளர்களோடு.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் குடிமக்களைச் சொந்த ஊர் இடாப்பில் சேர்த்தால் என்ன ஆகும்? வாக்கு மட்டுமல்ல, ஆசனக் கணக்கும் நகரும். வடக்குக்கு மட்டுமல்ல, இத்தாலிக்கும் கொரியாவுக்கும் ஆட்களை அனுப்பிய தெற்கு மாவட்டங்களுக்கும்தான். அரசியல்வாதிகள் இந்த விடயத்தில் மெதுவாக நடப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிரான்சும் இத்தாலியும் வேறு வழி எடுத்தன: வெளிநாட்டு வாக்காளருக்கென்றே தனித் தொகுதிகள். பிரான்சில் அப்படி 11. அங்கே தோஹாக்காரரின் வாக்கு ஒட்டுசுட்டானின் கணக்கைத் தொடாது. ஆனால் ஒட்டுசுட்டான் குளத்தைப் பற்றிப் பேசும் ஆளை அவர் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

ஒரு மாவட்டத்தில் சிறு எண்ணிக்கை எவ்வளவு பேசும் என்பதற்கு 2024 நவம்பர் 14 வன்னி முடிவைப் பாருங்கள். ஆறு ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, மற்ற நான்கும் நான்கு வெவ்வேறு கட்சிகளுக்கு. இப்படிச் சிதறும் இடத்தில் வெளியில் இருந்து வரும் சில ஆயிரம் வாக்கு ஓர் ஆளை ஏற்றும், இறக்கும். "இங்கே மழையில் நனைகிறது நாங்கள், முடிவெடுக்கிறது குளிர்தேசத்தில் இருக்கிறவையோ?" என்று கேட்பவரைச் சும்மா ஒதுக்க முடியாது. அதே நேரத்தில் அந்தக் கேள்வி மாமியின் மகனுக்குப் பொருந்தாது. அவன் அனுப்பும் காசில்தான் அந்த வீட்டுக் கூரை நிற்கிறது, இரண்டு வருடத்தில் அவனும் அதன் கீழ் வந்து இருக்கப்போகிறான்.

ஆகவே, கொடுப்பதா வேண்டாமா என்று ஒரே கேள்வியாகக் கேட்பதைவிட, யாருக்கு முதலில் என்று கேட்கலாம். திரும்பி வரப்போகும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு முதலில் என்பேன் நான். தேர்தலிலும் எது முதலில்? ஜனாதிபதித் தேர்தல். அதற்குக் காரணம் அரசியல் அல்ல, அச்சுத் தாள். ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க ஒரே சீட்டு. பாராளுமன்றத் தேர்தலில் 22 மாவட்டத்துக்கு 22 சீட்டு, அதில் விருப்பு இலக்கங்கள் வேறு. பிரதேச சபைத் தேர்தலைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலமும் குறைவு: 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு வேட்புமனு ஏற்றது ஓகஸ்ட் 15, வாக்களிப்பு செப்டெம்பர் 21. இடையில் 37 நாள். அதற்குள் சீட்டு அச்சாகி, கடல் தாண்டிப் போய், புள்ளடியோடு திரும்பி வரவேண்டும். தபாலில் இது நடக்காது. தூதரகத்தில் நடக்கலாம்.

இன்னொரு சின்ன விடயம், சின்னதாகத் தோன்றினாலும் ஆபத்தானது. நோர்வேயில் ஒரு பெட்டியில் முல்லைத்தீவுக்காரர் ஏழே பேர் போட்டிருந்து, அதைத் தனியாக எண்ணினால், ஏழும் ஒரே பக்கம் விழுந்த அன்றைக்கே ஏழு பேரின் இரகசியமும் போயிற்று. சிறு பெட்டிகளைக் கலந்து எண்ண வேண்டும். நம் ஆட்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

வெளிநாட்டு வாக்களிப்புப் பற்றி இலங்கையில் பல வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதை எழுதும்போது மூன்றாவது படலை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. இரண்டாவதைப் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. இடாப்புத் திருத்தம் நடக்கும் காலத்தில், வேலைக்குப் போய்த் திரும்பி வரப்போகிறவரைப் பற்றி விதானையாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெயர் இருக்கிறதா என்று தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். போனவர் போனவர்தான், திரும்பும் எண்ணம் இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆளில்லாத பெயர்தான் கள்ள வோட்டுக்குத் தீனி.

மறு வருடம் விதானையார் வந்தபோது நான் அங்கே இருந்தேன். மழைக்காலம் போய்ப் புழுதி தொடங்கியிருந்தது. "மகன் இருக்கிறாரோ?" என்று கேட்டார். "இருக்கிறான். தோஹாவில. அடுத்த வருசம் வந்திடுவான்" என்றார் மாமி. அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். மாமி உள்ளே போய் மணிக்கூட்டுக்குப் பின்னால் இருந்த அட்டையை எடுத்துவந்து, "இது அடுத்த முறைக்குச் செல்லுமோ?" என்று காட்டினார். செல்லாது, அது அந்தத் தேர்தலுக்கு மட்டும், அடுத்ததற்கு வேறு வரும், அட்டை வராவிட்டாலும் இடாப்பில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போடலாம் என்று விதானையார் சொன்னார்.

"அடையாள அட்டை அவனிட்டைத்தான் இருக்கு," என்றார் மாமி. "அப்ப ரிக்கற் மட்டும்தான் குறை."